ஒரே பெயர், ஆறு பாட்டில்: ஒயினை ஒப்பிட்டுச் சுவைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸ் புறநகரில் நாங்கள் பன்னிரண்டு பேர் ஒரு சீட்டு நடத்துகிறோம். நகைச் சீட்டு இல்லை, ஒயின் சீட்டு. மாதாமாதம் ஆளுக்கு ஒரு தொகை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சேர்ந்த பணத்தில் ஆறு பாட்டில் வாங்கி, ஒரே மாலையில் திறந்து, அடுத்தடுத்து வைத்துச் சுவைப்போம். தனி ஆளாக வாங்க மனம் வராத ஒயின்கள் இப்படித்தான் எங்களுக்கு எட்டின. வாங்கி வருவது, ஊற்றுவது, குறித்து வைப்பது எல்லாம் என் பொறுப்பு. புதிதாகச் சேருகிறவர்களும், ஊரிலிருந்து போன் பண்ணுகிற நண்பர்களும் கேட்பதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்க முடியவில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நல்ல பாட்டில் ஒன்றைத் திறந்து ரசித்துக் குடித்தால் போதாதா? ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டுமா?

ரசிக்க ஒன்று தாராளமாகப் போதும். புரிந்துகொள்ளத்தான் இரண்டு வேண்டும். ஜவுளிக் கடையில் ஒரு புடவையை மட்டும் விரித்துக் காட்டினால் "நல்ல சிவப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். பக்கத்தில் இன்னொரு சிவப்பை விரித்த பிறகுதான் முதல் புடவையில் ஊதா ஓடுவது கண்ணில் படும். நாக்குக்கும் அதே கதைதான்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு கிளாஸுக்கும் நடுவில் முடிந்தவரை ஒரே ஒரு விஷயம்தான் மாறியிருக்க வேண்டும். நிலம், ஆண்டு, செய்த கை, திராட்சை எல்லாமே மாறியிருந்தால் வித்தியாசம் தெரியும், எதனால் வந்தது என்பது தெரியாது. ஆயிரக்கணக்கில் செலவு செய்து கலவையாக எட்டு பாட்டில் திறந்துவிட்டு, "எல்லாமே நல்லாத்தான் இருந்தது" என்று எழுந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

எப்போது கேட்டாலும் லெயோவீல், லெயோவீல் என்கிறீர்களே, அப்படி என்ன அதில்?

ஒரே சொத்து பாகம் பிரிந்து மூன்றான கதை அது. அதனால்தான்.

பிரான்ஸின் ஒயின் நகரமான போர்தோவுக்கு வடக்கே, ஜிரோந்து முகத்துவாரத்தின் இடது கரையில் மெதோக் வட்டாரம். அதற்குள் சான் ஜூலியன் என்ற சின்ன ஊர்ப்பகுதி. 18ஆம் நூற்றாண்டில் லெயோவீல் அங்கே ஒரே பெரிய பண்ணையாக இருந்தது. பிறகு வாரிசுகள் கைக்குப் போனது. பிரெஞ்சுப் புரட்சியில் வாரிசுகளில் ஒருவர் நாட்டை விட்டே ஓடிவிட, அவர் பங்கு கைமாறியது. அயர்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஹ்யூ பார்ட்டன் 1821இல் பக்கத்திலிருந்த லாங்கோவா பண்ணையை வாங்கினார். 1826இல் லெயோவீலிலும் ஒரு பங்கை வாங்கினார். மிச்சம் இருந்தது 1840 வாக்கில் இரண்டாகப் பிரிந்தது. இன்று மூன்று பெயர்கள்: லெயோவீல் லாஸ் காஸ், லெயோவீல் பார்ட்டன், லெயோவீல் புவாஃபெரே.

1855இல் பாரிஸ் பொருட்காட்சிக்காக போர்தோ தரகர்கள் ஒயின்களைத் தரம் பிரித்தபோது மூன்றும் இரண்டாம் தரத்தில் வந்தன. தரகர்கள் உட்கார்ந்து சுவைத்துப் போட்ட பட்டியல் இல்லை அது. பல ஆண்டுகளாக எந்தப் பண்ணை என்ன விலைக்குப் போனது என்று கணக்குப் பார்த்துப் போட்டது. அதில் இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு ஏறிய ஒரே பண்ணை மூத்தோன் ரோத்ஷீல்டு, 1973இல். சான் ஜூலியனில் முதல் தரம் ஒன்றுகூட இல்லை, ஆனால் தரம் பெற்றவை 11.

ஆக, நிலம் ஒரே தாய் நிலம், ஊர் ஒன்று, திராட்சை கிட்டத்தட்ட ஒன்று. பங்காளிகள் மூன்று பேர் தனித்தனியே அடுப்பு மூட்டினால் சமையல் எப்படியெல்லாம் மாறும் என்று பார்க்க இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை.

வெர்ட்டிகல், ஹாரிசான்டல் என்று சொல்கிறார்களே, என்ன அது?

ஒரே பண்ணையின் ஒயினை வெவ்வேறு ஆண்டுகளில் சுவைத்தால் வெர்ட்டிகல். பார்ட்டன் 2009, 2010, 2013, 2016 என்று வைப்பது மாதிரி. இதில் ஆண்டு மட்டும் மாறுகிறது. ஒரே ஆண்டில் பக்கத்துப் பக்கத்துப் பண்ணைகளை வைத்தால் ஹாரிசான்டல். மூன்று லெயோவீலும் 2016 என்றால், வானிலை ஒன்றுதான், செய்த கையும் அவரவர் பாத்தியும்தான் வேறு.

பலரும் கண்டுகொள்ளாத மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். லெயோவீல் பார்ட்டனுக்கென்று தனி ஒயின் கூடமே கிடையாது. பார்ட்டன் குடும்பம் அதையும் லாங்கோவா பார்ட்டனையும் லாங்கோவா கூடத்திலேயே செய்கிறது. ஆட்கள் அவர்களே, கூரை அதுவே, ஆண்டும் அதுவே. நிலம் மட்டும் வேறு. லாங்கோவா 1855 பட்டியலில் மூன்றாம் தரம், விலையும் குறைவு. ஒரே ஆண்டில் இந்த இரண்டையும் அருகருகே ஊற்றினால், "நிலத்தின் குணம்" என்று ஒயின்காரர்கள் ஓயாமல் பேசுவது நிஜமா பில்டப்பா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். எங்கள் மேஜையில் பார்ட்டன் கொஞ்சம் நீளமாக நின்றது, லாங்கோவா சீக்கிரம் பழகியது. இரண்டு பாட்டில் பணத்தில் கிடைக்கும் ஆகச் சிறந்த பாடம் என்று இதைத்தான் சொல்வேன்.

மூன்று லெயோவீலும் சுவையில் எப்படி வேறுபடுகின்றன?

லாஸ் காஸின் முக்கியமான நிலம், மதில் சூழ்ந்த ஒரு பெரிய தோட்டம். அதன் வடக்கு எல்லையில் ஒரு சின்ன ஓடை, ஓடையைத் தாண்டினால் போயாக் ஊரின் லாத்தூர் பண்ணை. லேபிளில் சிங்கம் உட்கார்ந்திருக்கும் கல் வளைவு ஒன்று இருக்குமே, அந்தத் தோட்டத்து வாசல்தான் அது. கபெர்னே சோவிஞோன் என்ற கருந்திராட்சை இங்கே ஓங்கி நிற்கும். இளமையில் திறந்தால் முகம் கொடுத்துப் பேசாது. அடர்த்தி, நிமிர்வு, நீண்ட துவர்ப்பு. சான் ஜூலியனில் பிறந்துவிட்டு போயாக் மாதிரி நடந்துகொள்கிறது என்பார்கள், தப்பில்லை.

புவாஃபெரே நேர்மாறு. 1994 முதல் மிஷெல் ரோலான் அங்கே ஆலோசகராக வந்த பிறகு, பழம் நன்றாகக் கனிந்து, ஓக் பீப்பாயின் வறுத்த வாசமும் சேர்ந்த ஒரு பாணி நிலைத்தது. முதல் முறை வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் இதற்குத்தான் கை தூக்குவார்கள். பார்ட்டன் இரண்டுக்கும் நடுவில் என்று சொல்லிவிடலாம்தான், ஆனால் அது சோம்பேறிப் பதில். பார்ட்டனில் அலங்காரம் குறைவு. கிளாஸில் ஊற்றி அரை மணி நேரம் விட்டால் கேட்காமலே பேசத் தொடங்கும். கடைசிக் கிளாஸ் யாருக்கு என்று எங்கள் மேஜையில் தகராறு வந்ததெல்லாம் பெரும்பாலும் பார்ட்டனுக்காகத்தான்.

"இரண்டாம் ஒயின்" என்றால் கலப்படமா? மட்டமான சரக்கா?

இல்லை, இல்லை. ஒரு பண்ணை தன் அறுவடையிலிருந்து முதல் ஒயினுக்குத் தேறியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வேறு லேபிளில் போடுவது. இளங்கொடிகளின் பழம், கொஞ்சம் சுமாரான பாத்திகள், கலவைக்குப் பொருந்தாத பீப்பாய்கள் எல்லாம் அதில் போகும். லாத்தூரின் இரண்டாம் ஒயினான லே ஃபோர் த லாத்தூர் 1966 அறுவடையிலிருந்து வருகிறது. பார்ட்டனின் இரண்டாம் ஒயின் லா ரெசர்வ் த லெயோவீல் பார்ட்டன்.

லேபிளில் வழுக்கி விழ நிறைய இடம் இருக்கிறது. க்ளோ து மார்க்கி என்ற ஒயினை லாஸ் காஸின் இரண்டாம் ஒயின் என்றே இன்றும் பல கடைகளில் சொல்லி விற்கிறார்கள். அது ஆற்றிலிருந்து தள்ளி, உள்ளே இருக்கும் வேறு பாத்திகளிலிருந்து வருவது, பண்ணை அதைத் தனி ஒயினாகத்தான் நடத்துகிறது. 2007 அறுவடையிலிருந்து இரண்டாம் ஒயினுக்கு லெ பெத்தி லியோன் என்று வேறு பெயரே வைத்துவிட்டார்கள், குட்டிச் சிங்கம் என்று அர்த்தம். புவாஃபெரே பக்கம் மூலான் ரீஷ் என்ற ஒயினின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஆகவே 'முதல், இரண்டாம்' ஒப்பீட்டுக்கு லாஸ் காஸோடு க்ளோ து மார்க்கியை வாங்கி வைத்தால், நீங்கள் நிலத்தை ஒப்பிடுகிறீர்கள், தேர்வை இல்லை.

இன்னொரு வழுக்கல், மூத்தோன் கதே. மூத்தோன் ரோத்ஷீல்டின் இரண்டாம் ஒயின் இது என்று நினைத்துப் பரிசு கொடுத்தவர் எங்கள் குழுவிலேயே இருக்கிறார். இது போர்தோ வட்டாரம் முழுக்கத் திராட்சை திரட்டிச் செய்யும் தனி பிராண்டு. நிஜமான இரண்டாம் ஒயின் லெ பெத்தி மூத்தோன், விலை எங்கேயோ. பிரெஞ்சில் 'கதே' என்றால் இளையவன். மூத்தோன் இளையோன் என்று தமிழ்க் காதில் விழும்போது எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

ஆண்டுக்கு ஆண்டு அப்படி என்னதான் மாறிவிடுகிறது? அதே கொடி, அதே மண்தானே?

அதே மாமரம் ஒரு வருடம் தேனாகவும் மறு வருடம் சப்பென்றும் காய்ப்பதைப் பார்த்தவர்கள்தானே நாம். திராட்சை அதைவிட வானிலைக்குக் கட்டுப்பட்டது. போர்தோ கடலுக்குப் பக்கம். எந்த வாரம் மழை பெய்தது என்பது பாட்டிலுக்குள் வரைக்கும் போகும்.

வெயில் ஏறினால் சர்க்கரை ஏறும், சர்க்கரை நொதித்து ஆல்கஹால் ஆகும். அதே வெயிலில் பழம் தன் மாலிக் அமிலத்தைச் செலவழித்துவிடும், புளிப்பு இறங்கும். குளிர்ந்த ஆண்டில் நேர்மாறு. போதாதற்கு, கபெர்னே முழுதாகப் பழுக்காவிட்டால் பைரசீன் என்ற பொருள் தங்கிவிடும். அதன் வாசம் பச்சைக் குடைமிளகாயை நறுக்கியது போலவே இருக்கும், ஒருமுறை பிடித்துவிட்டால் மறக்காது.

2009ஐயும் 2010ஐயும் அருகருகே வைத்தால் இது பளிச்சென்று தெரியும். இரண்டுமே பேர்போன ஆண்டுகள், இரண்டிலும் மழை குறைவு. ஆனால் 2009 வெயில் கொழித்த ஆண்டு, 2010இல் இரவுகள் குளிர்ந்தன. விளைவு: 2009 வாயில் பரவி உட்கார்ந்துகொள்ளும், கனிந்த பழம், வழுவழுப்பு. 2010இல் அதே பழம் இருக்கும், நடுவில் ஒரு கம்பி ஓடும். புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்த கம்பி. 2009ஐ முதல் வாயிலேயே பிடித்துப்போனவர்கள் மாலை முடிவில் 2010 பக்கம் சாய்வதைப் பல தடவை பார்த்துவிட்டேன்.

2013 பாவப்பட்ட ஆண்டு. வசந்தம் குளிர்ந்து நனைந்து, பூ சரியாகப் பிடிக்காமல், கடைசியில் அழுகலுக்குப் பயந்து அவசரமாகப் பறித்தார்கள். 2003இல் ஐரோப்பாவையே வாட்டிய ஆகஸ்ட் வெயில், சில பாட்டில்களில் உலர்திராட்சை வாசம் எட்டிப் பார்க்கும். 2017 ஏப்ரல் கடைசியில் உறைபனி விழுந்து போர்தோவில் பல தோட்டங்கள் கருகின. முகத்துவாரத்தை ஒட்டிய சரளை மேடுகள் பெரும்பாலும் தப்பின, அவ்வளவு பெரிய தண்ணீர்ப் பரப்பு பக்கத்துக் காற்றை உறையவிடாமல் பார்த்துக்கொண்டது. நல்ல கொடி ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று மெதோக்கில் ஒரு சொல்வழக்கு உண்டு. அதன் அர்த்தம் அந்த ஏப்ரலில் எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

அப்படியென்றால் "நல்ல ஆண்டு" அட்டவணையைப் பார்த்து வாங்கினால் போதுமா?

போதாது. 1998ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் மழை கொட்டியது. வலது கரையில், பொமெரோல், சான் எமிலியோன் பக்கம், முன்னதாகப் பழுக்கும் மெர்லோ திராட்சை பெரும்பாலும் அதற்குள் வீடு வந்து சேர்ந்துவிட்டது. இடது கரையில் தாமதமாகப் பழுக்கும் கபெர்னே கொடியிலேயே நனைந்தது. போர்தோ 1998 என்று அட்டவணையில் ஒரே கட்டத்தில் ஒரே எண் போட்டால் அது யாருக்குச் சொன்ன எண்?

அப்புறம், சுமாரான ஆண்டுகளுக்கு ஒரு உபயோகம் உண்டு. நல்ல வெயில் ஆண்டில் எல்லாப் பண்ணையும் அழகாகத்தான் தெரியும். கஷ்ட காலத்தில்தான் யார் பொறுக்கி எடுத்தார்கள், யார் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினார்கள் என்பது வெளியே வரும். வெர்ட்டிகலில் ஒரு 2013ஐயாவது சேர்த்துவிடுவேன். முதல் தடவை, "காசு கொடுத்து இதை எதற்கு வாங்கினாய்?" என்று திட்டினார்கள். இப்போது அவர்களே கேட்கிறார்கள்.

சுவையைச் சொல்ல வார்த்தையே வரவில்லை. "கஸ்ஸி", "சீடர்" என்றெல்லாம் எழுதுகிறார்களே?

கஸ்ஸி என்பது ஐரோப்பாவில் விளையும் கரும்பழம் ஒன்று. அதைத் தின்றே பார்க்காமல் அந்த வாசம் வருகிறது என்று எழுதினால் அது ஒப்பிப்பது. எங்கள் குறிப்பேட்டில் நாவற்பழம் என்று இருக்கும். இளம் கபெர்னேயை விழுங்கிய பிறகு நாக்கில் ஒட்டும் அந்த ஊதாத் துவர்ப்புக்கு நாவலை விட்டால் வேறு பழம் தோன்றுவதில்லை. சீடர் என்பது பென்சில் சீவும்போது வருமே, அதுதான். ஸ்கூலில் பென்சில் பெட்டியைத் திறந்து முகர்ந்த எல்லோருக்கும் அது தெரியும். பழைய போர்தோவில் உலர்ந்த புகையிலை, மழைக்குப் பின் காட்டுச் சருகு, தோல் செருப்புக் கடை எல்லாம் வரும்.

டானின், அதாவது ஒயினில் வாயை இழுக்கும் பொருள், அந்த விஷயத்தில் நாம் அதிர்ஷ்டசாலிகள். துவர்ப்பு என்று சொல்லி அறுசுவையில் ஒன்றாகவே வைத்திருக்கிறோம். கசப்பையும் துவர்ப்பையும் பிரித்துச் சொல்லப் புதியவர்கள் இங்கே திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். நமக்கோ பாகற்காய் ஒன்று, வாழைப்பூ ஒன்று, குழப்பமே இல்லை. துவர்ப்பிலும் வகை பிரிக்கலாம். பாக்குத் துவர்ப்பு வாயை இழுத்துப் பிடிக்கும், 2010 லாஸ் காஸ் இளமையில் அப்படி. நெல்லிக்காய்த் துவர்ப்பில் புளிப்பு கூடவே ஓடி, கடைசியில் ஒரு இனிப்பை விட்டுப் போகும், நன்றாக விளைந்த பார்ட்டன் அந்த ரகம். காலையிலிருந்து அடுப்பில் கிடந்த கட்டன் சாயாத் துவர்ப்பு இருந்தால் எங்கேயோ தப்பு, பெரும்பாலும் பழுக்காத விதையிலிருந்து வந்தது.

சொல்லை யாரிடமும் கடன் வாங்காதீர்கள். உங்களுக்கு அது ரசப்பொடி டப்பா வாசம் என்று பட்டால் அப்படியே எழுதுங்கள். அடுத்த பாட்டிலிலும் அதே சொல் வருகிறதா என்பதுதான் முக்கியம்.

எவ்வளவு ஊற்ற வேண்டும்? எந்த கிளாஸ், எந்த வரிசை?

ஆளுக்கு 50 மில்லி. 750 மில்லி பாட்டிலில் கணக்குப்படி 15 பேருக்கு வரும், வண்டலைக் கழித்தால் 13 பேர்தான், பன்னிரண்டு பேர் சீட்டுக்குச் சரியாக இருக்கும். ஆறு பாட்டில் என்றால் தலைக்கு 300 மில்லி, அதாவது பாட்டிலில் ஐந்தில் இரண்டு பங்கு. துப்பக் கிண்ணம் வைத்துத்தான் ஆக வேண்டும், நான்காவது கிளாஸுக்கு மேல் குறிப்பேட்டில் கையெழுத்தே மாறிவிடும். வண்டி ஓட்டிக்கொண்டு வருபவர் துப்பினாலும் வண்டியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி.

கிளாஸ் விலை உயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை, எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் போதும். வாய் உள்வாங்கி, அடி அகன்று, காம்போடு இருக்கட்டும். கழுவிய சோப்பு வாசம் இருந்தால் அன்றைய மாலை வீண்.

வரிசையில் ஆளுக்கொரு கட்சி. நான் பழையதிலிருந்து புதியதுக்குப் போவேன். இளம் ஒயினின் துவர்ப்பில் வாய் உலர்ந்த பிறகு முப்பது வயது ஒயினை ஊற்றினால் அது தண்ணீராகத் தோன்றும், அந்தக் கிழவருக்குச் செய்கிற அவமரியாதை. ஆறையும் ஒரே நேரத்தில் ஊற்றி வைத்து முன்னும் பின்னும் போய்வருவது இன்னும் நல்லது. சூடு 16 முதல் 18 டிகிரி. அறைச் சூட்டில் பரிமாறு என்ற பழைய வாசகம் குளிர் நாட்டு அறைக்குச் சொன்னது, சென்னை அறைக்கு இல்லை. அங்கே முக்கால் மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள்.

வண்டல் இருந்தால் கெட்டுப்போனதா? கார்க் வாசம் என்கிறார்களே, அது என்ன?

வண்டல் கெட்டது இல்லை. வருடக்கணக்கில் துவர்ப்புப் பொருளும் நிறப் பொருளும் ஒன்றோடொன்று கோத்து, கனம் தாங்காமல் அடியில் படிவது. ஊதா சிவப்பு செங்கல் நிறமாவதும் துவர்ப்பு மெத்தென்றாவதும் இதோடு சேர்ந்து நடப்பவைதான். முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். ஊற்றும்போது கழுத்துக்குக் கீழே ஒரு விளக்கை வைத்து, கலங்கல் வந்ததும் நிறுத்துங்கள்.

கார்க் கோளாறு வேறு. டி.சி.ஏ. என்ற பொருள், லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும். ஈர அட்டைப்பெட்டி, நனைந்து காயாத துணி வாசம். ஒருமுறை எங்கள் மாலையின் விலை உயர்ந்த பாட்டிலே அப்படி இருந்தது. லேபிளை மறைத்து வைத்திருந்தோம். மூன்று பேர் அதற்கு "மண்வாசனை, முதிர்ச்சி" என்று பாராட்டு எழுதியிருந்தார்கள், அதில் ஒருவன் நான். பிறகு கார்க்கை முகர்ந்தபோதுதான் முகம் போனது. வாங்கிய கடையில் ரசீதோடு போய்க் கேட்டால், "பழைய பாட்டிலுக்கு உத்தரவாதம் கிடையாது" என்றார்கள். அதிலிருந்து, ஊற்றுவதற்கு முன் இரண்டு பேர் தனித்தனியே முகர்ந்து சரி சொன்ன பிறகுதான் மேஜைக்கு வரும்.

உண்மையைச் சொல்லுங்கள், இதெல்லாம் பம்மாத்துத்தானே?

பாதி. 2001இல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது, போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களை வைத்துச் செய்தது. வெள்ளை ஒயினில் வாசமில்லாத சிவப்பு நிறத்தைக் கலந்து கொடுத்தார்கள். முகர்ந்தவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். ஒயினை வைத்து யாரையாவது கேலி செய்ய வேண்டுமென்றால் எல்லோரும் இதைத்தான் எடுப்பார்கள். எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. மூக்கு பொய் சொல்லவில்லை, கண் முந்திக்கொண்டது. லேபிளும் விலையும் அதே வேலையைத்தான் செய்யும். அதனால்தான் பாட்டிலைத் துணிப்பையில் மூட வேண்டும்.

பம்மாத்தா இல்லையா என்று உங்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒவ்வொருவருக்கும் மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. எது வேறு என்று மட்டும் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார், பன்னிரண்டு பேரில் நான்கு பேர். அதனால் எட்டு பேராவது சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் நிஜம் என்று எடுத்துக்கொள்கிறோம். பார்ட்டனையும் லாங்கோவாவையும் வைத்து முதல் முறை செய்தபோது ஆறுதான் தேறியது. அடுத்த வருடம் ஒன்பது. ஒயின் மாறவில்லை, ஆட்கள் பழகிவிட்டார்கள்.

1976இல் பாரிஸ் போட்டியில் கலிஃபோர்னியா ஜெயித்ததே, அதுவும் இப்படி ஒப்பீடுதானே?

24 மே 1976. ஆங்கில ஒயின் வியாபாரி ஸ்டீவன் ஸ்பரியர் ஏற்பாடு. பிரெஞ்சு நடுவர்கள் லேபிள் தெரியாமல் சுவைத்து, சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் 1973க்கு முதலிடம் கொடுத்தார்கள். தோற்ற பக்கத்தில் நம் லெயோவீல் லாஸ் காஸும் இருந்தது, 1971 ஆண்டு, ஆறாவது இடம். போட்டியாகப் பார்த்தால் பிரமாதம், கலிஃபோர்னியாவை உலகம் திரும்பிப் பார்த்தது. பாடமாகப் பார்த்தால் எனக்கு அதில் பெரிதாக எதுவும் இல்லை. நாடு வேறு, ஆண்டு வேறு, கை வேறு. யார் முந்தினார் என்பது தெரிந்தது, எதனால் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள்.

நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போட வேண்டுமா?

அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பரப்பிய முறை அது. கடைக்காரருக்கு வசதி. நாங்கள் புள்ளி போடுவதில்லை, வரிசைப்படுத்துவதோடு சரி.

எத்தனை வருடம் வைத்துத் திறக்கலாம்?

லெயோவீல்களில் நல்ல ஆண்டு என்றால் பத்து வருடத்துக்கு முன் திறப்பது அவசரம், இருபதில் நன்றாகவே இருக்கும். 2013 மாதிரி லேசான ஆண்டுகளும் இரண்டாம் ஒயின்களும் சீக்கிரமே தயாராகிவிடும், அவற்றை வைத்துக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. 12, 13 டிகிரியில் இருட்டில் படுக்க வைக்க இடம் இல்லாதவர்கள் முதிர்ந்த பாட்டிலாகவே வாங்கிவிடுங்கள். வாங்கும்போது ஒயின் மட்டம் கழுத்தில் நிற்கிறதா என்று பாருங்கள், தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் கையைக்கூட வைக்காதீர்கள்.

ஊரில் இருந்துகொண்டு இதையெல்லாம் எப்படிச் செய்வது?

இறக்குமதி ஒயினுக்கு இந்தியாவில் 150 சதவீதச் சுங்க வரி நீண்ட காலம் இருந்தது, அதன் மேல் மாநில வரி வேறு. லெயோவீல் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றில்லை. நாசிக் பக்கத்து ஒயின்களிலேயே, ஒரே கம்பெனி, ஒரே திராட்சை, சாதா லேபிள் ஒன்று, பீப்பாயில் வைத்த உயர் லேபிள் ஒன்று என்று வாங்கி, துணிப்பையில் மூடி மூன்று கிளாஸ் சோதனை செய்யுங்கள். ஓக் பீப்பாய் என்ன செய்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஒன்று மட்டும் மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடவே என்ன சாப்பிடலாம்?

சுவைக்கும்போது ரொட்டி, தண்ணீர், அவ்வளவுதான். மிளகாய் பக்கத்தில் வரக்கூடாது, காரமும் துவர்ப்பும் சேர்ந்தால் வாய் எரிந்து எதுவும் தெரியாது. குறிப்பேட்டை மூடிய பிறகு ஆட்டுக்கறி வறுவல்.

மீந்த ஒயினை என்ன செய்வது?

கார்க்கை அடைத்து பிரிட்ஜில் வைத்து மறுநாள் மாலை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பழைய ஆண்டுகள் பெரும்பாலும் படுத்துவிடும், 2010 மாதிரி முரட்டு ஆண்டுகள் முந்தின நாளைவிட நன்றாக இருக்கும். மட்டன் குழம்பில் மட்டும் ஊற்றாதீர்கள். நான் ஊற்றினேன். புளியும் டானினும் சேர்ந்து கொதித்ததில் குழம்பு பாக்கு மாதிரி துவர்த்து, மொத்தச் சட்டியையும் கொட்ட வேண்டியதாகிவிட்டது.